மூணு பேர் எழுதுனா மூணு சாட்சி ஆயிடுமா?

ரங்கூன்லயே பொறந்து வளர்ந்த பையன், தமிழ்நாட்டை சினிமாவுல மட்டும்தான் பாத்திருக்கான், அவன் பர்மா தமிழர் வரலாறுன்னு எழுதிக் குடுக்குற கட்டுரைல "அங்கு சென்று குடியேறிய நம் தமிழர்கள்"னு ஒரு வரி வந்துச்சுன்னா, அது காப்பி அடிச்சதுன்னு கண்டுபிடிக்க அதுக்கப்புறம் எந்த சாஃப்ட்வேரும் வேணாம். திங்கன்ஜுன்ல உக்காந்து எழுதுறவனுக்கு ரங்கூன் எப்படி "அங்கு" ஆகும்? மெட்ராஸ்லயோ மதுரையிலயோ உக்காந்து எழுதுனவருக்குத்தான் அது அங்கு. கட்டுரை கைக்கு வந்ததும் நான் முதல்ல தேடுறதே இதைத்தான். அங்கு, அந்நாடு, அந்நாட்டு மக்கள், இதெல்லாம் கண்ணுல பட்டா பேனாவை கீழ வச்சுட்டு போனை எடுத்துடுவேன்.

எங்க கோவில் திருவிழா மலருக்கு வர்ற எழுத்தைப் பாத்து சரி பண்ற வேலை கொஞ்ச வருஷமா என் தலைல இருக்கு. மலர்ல பாதிக்கு மேல விளம்பரமும் நன்கொடை குடுத்தவங்க பேரும்தான், அதுல எனக்கு வேலை இல்ல. மீதிப் பக்கத்துல நம்ம பிள்ளைங்க எழுதட்டும்னு சொன்னோம், ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புக்கு வர்ற பிள்ளைங்க, வேலைக்குப் போற பசங்க, சில பெரியவங்க, எல்லாரும் ஆசையாத்தான் எழுதுறாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், பள்ளிக்கூடத்துல பர்மியம், கடைத்தெருல பர்மியம், வீட்டுலயும் பாதி பர்மியம்னு வாழுற பிள்ளைக்கு ஒரு பக்கம் தமிழ் எழுதுறது லேசுப்பட்ட வேலை இல்ல. நெட்ல தேடுனா ரெடியா நல்ல தமிழ்ல, சந்தி எல்லாம் சுத்தமா, ரெண்டாயிரம் வார்த்தை கிடைக்குது. எடுக்கத்தான் செய்வாங்க. அதுக்காக அவங்களை திருடன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அப்படியே அச்சுல ஏத்தவும் முடியாது, அதுக்கான காரணம் கொஞ்சம் பெருசு, கடைசிலதான் சொல்ல முடியும்.

முதல்ல இந்த செக் பண்ற டூலுங்க கதை. கமிட்டில ஒரு தம்பி, கம்ப்யூட்டர் படிச்சவர், "அக்கா ஏன் கஷ்டப்படுறீங்க, இதுல போட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடும்"னு ஒரு ஃப்ரீ சைட்டைக் காட்டுனாரு. மேல சொன்ன அந்த "அங்கு" கட்டுரையையே போட்டோம். பச்சை கலர்ல ஒரு வட்டம் சுத்திச்சு, நூத்துக்கு நூறு சொந்த எழுத்துன்னு வந்துச்சு. தம்பி என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். அந்தக் கட்டுரையோட மூலம் ஏற்கனவே என் போன்ல திறந்து கிடக்குது.

ஏன் இப்படின்னு அப்புறம் அந்தத் தம்பியே உக்காந்து நோண்டிப் பாத்து சொன்னாரு. இந்த மாதிரி டூல் எல்லாத்துக்கும் அடிப்படை ஏறக்குறைய ஒண்ணுதான், எழுத்தை அஞ்சு வார்த்தை ஆறு வார்த்தைன்னு சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர் போட்டு, இன்னொரு எழுத்தோட நம்பருங்களோட ஒப்பிடுறது. 1997ல ஆல்டாவிஸ்டா தேடுபொறிக்காக ஆண்ட்ரே ப்ரோடர்னு ஒருத்தர் இதை ஒழுங்கா வகுத்துக் குடுத்தாரு, நெட்ல ஒரே பக்கம் எத்தனை தடவை திரும்பத் திரும்பக் கிடக்குதுன்னு பாக்குறதுக்காக. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி சுத்தமா இருக்குற இங்கிலீஷுக்கு இது அருமையா வேலை செய்யும். நம்ம தமிழ்ல என்ன ஆகுது? ஒருத்தர் "போய்க்கொண்டிருந்தார்கள்"னு ஒரே வார்த்தையா எழுதுவாரு, இன்னொருத்தர் "போய் கொண்டு இருந்தார்கள்"னு மூணா உடைச்சு க்-ஐயும் முழுங்கிடுவாரு. நமக்கு ரெண்டும் ஒண்ணு, மெஷினுக்கு மொத்தத் துண்டும் வேற. சில டூலு இன்னும் மோசம், க, ங, ச மாதிரி மூல எழுத்தை மட்டும் எழுத்துன்னு எடுத்துக்கிட்டு காலு, கொம்பு, புள்ளி எல்லாத்தையும் நிறுத்தற்குறி மாதிரி நினைச்சு அந்த இடத்துலயே வெட்டிடும், வார்த்தையே மிஞ்சாது, அப்புறம் எதை எதோட ஒப்பிடுறது.

இதைவிட வேடிக்கை, பாக்குறதுக்கு ஒரே மாதிரி இருக்குற எழுத்து உள்ள வேறயா இருக்குறது. "கொ"ன்னு ஒரு எழுத்து, அதுல அந்தக் கொம்பையும் காலையும் சேத்து ஒரே குறியீடாவும் வைக்கலாம், ரெண்டு தனித்தனி குறியீடாவும் வைக்கலாம், ஸ்க்ரீன்ல வித்தியாசமே தெரியாது. ஸ்ரீக்கும் ரெண்டு விதம் இருக்கு. ஔ போட வேண்டிய இடத்துல ஒ, ள ரெண்டையும் சேத்து அடிக்கிறவங்க பாதிப் பேரு. தமிழ் இலக்கம் ஏழு எ மாதிரியே இருக்கும், ஒண்ணு க மாதிரியே இருக்கும், வேணும்னே மாத்திப் போட்டா மெஷின் கண்ணுல மண்ணைத் தூவிடலாம். ஒழுங்கான டூலா இருந்தா முதல்ல எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டுத்தான் ஒப்பிடும், ஃப்ரீயா கிடைக்கிறதுல அந்தப் பொறுமை எங்க.

இதை பர்மாக்காரங்களுக்கு விளக்கவே வேணாம். ஜாஜி எழுத்துரு, யூனிகோட் எழுத்துருன்னு ரெண்டு வச்சுக்கிட்டு இந்த நாடே எத்தனை வருஷம் அல்லாடுச்சு, ஒருத்தர் அனுப்புறது இன்னொருத்தர் போன்ல குப்பையாத் தெரியும், ஒரு பேரைத் தேடுனா பாதி கிடைக்கும் பாதி கிடைக்காது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி யூனிகோடுக்கு மாறுறோம்னு அரசாங்கமே அறிவிச்ச பிறகுதான் கொஞ்சம் அடங்குச்சு. தமிழ்லயும் அதே கூத்து நடந்ததுதான், டிஸ்கி, டாப், டாம், பாமினின்னு யூனிகோடுக்கு முன்னாடி ஆளுக்கொரு எழுத்து முறை. எங்க பழைய மலருங்க சிலதோட பிடிஎஃப் எங்ககிட்ட இருக்கு, பாமினில அடிச்சது, கண்ணால படிக்க அழகான தமிழ், காப்பி பண்ணி ஒட்டுனா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டும். அதுல இருந்து ஒருத்தர் பாத்து டைப் அடிச்சு "என் கட்டுரை"ன்னு குடுத்தா உலகத்துல எந்த டூலும் பிடிக்காது, ஏன்னா மூலம் நெட்ல தமிழாவே இல்ல.

அப்புறம் பேச்சுத்தமிழ். இது எங்க பிள்ளைங்களே கண்டுபிடிச்ச வித்தை. "வந்தார்கள்"ஐ "வந்தாங்க"ன்னு, "இருக்கின்றன"வை "இருக்கு"ன்னு மாத்திட்டா வரிக்கு வரி எல்லா வினையும் மாறிடும், துண்டு ஒண்ணுகூட ஒட்டாது. கருத்து, வரிசை, உதாரணம், ஏன் தப்பு உட்பட அப்படியே இருக்கும், சட்டையை மட்டும் மாத்தி விட்டிருப்பாங்க.

சரி, மெஷினை நம்ப முடியாதுன்னா என்ன பண்றது. நான் பண்றது பழைய முறைதான். கட்டுரையோட முதல் வரியையும் கடைசி வரியையும் விட்டுடுவேன், அது ரெண்டையும் எல்லாரும் மாத்திடுவாங்க. நடுவுல, யாருக்கும் மாத்தத் தோணாத இடத்துல, கொஞ்சம் விசித்திரமான ஒரு தொடர், ஆறேழு வார்த்தை, அதை இரட்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுவேன். குறள், பாரதி வரி, பழமொழி இருக்குற இடத்தை எடுக்கக் கூடாது, ஆயிரம் பக்கம் வந்து நிக்கும். கிடைக்கலன்னா சந்தியை எடுத்துட்டு ஒரு தடவை, வினையை எழுத்துத்தமிழுக்கு மாத்தி ஒரு தடவை. ஊர்ப் பேரும் வருஷமும் மட்டும் போட்டு மேற்கோள் இல்லாம ஒரு தடவை. இடையில கரண்ட் போகும், நெட் கதை உங்களுக்கே தெரியும், அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்தக் கட்டுரை வேற எங்கயோ போயிடும். கிடைச்ச பக்கம் எல்லாத்தையும் உடனே போன்ல படமா எடுத்து வச்சுக்குறது, அவ்வளவுதான்.

தெருப் பேரும் நல்லாக் காட்டிக் குடுக்கும். இருபது வயசுப் பொண்ணு, தினம் மகாபந்துலா ரோட்டுல பஸ் ஏறுறவ, கட்டுரைல "டல்ஹவுசி தெருவில் அமைந்துள்ள"ன்னு எழுதுறா. அது ரெண்டும் ஒரே ரோடு. ஃப்ரேசர் தெரு அனோரதா ரோடு ஆயிடுச்சு, மாண்ட்கோமரி ரோடு போஜோ ஆங் சான் ரோடு ஆயிடுச்சு, எங்க வீட்டுப் பெரியவங்க இன்னும் பழைய பேருதான் சொல்றாங்க, அது வேற. ஆனா பெரியவங்க சொல்லிக் கேட்டு எழுதுன பொண்ணா இருந்தா "தாத்தா டல்ஹவுசி தெருன்னு சொல்வாரு"ன்னுதான் வரும். "அமைந்துள்ள"ன்னு வராது.

இப்ப அந்தப் பெரிய காரணத்துக்கு வர்றேன்.

ஒரு வருஷம் மலருக்கு வந்ததுல மூணு கட்டுரை 1964 பத்தி, அதாவது நோட்டு செல்லாமப் போய் நம்ம ஜனங்க கப்பல் ஏறி இந்தியா போன காலத்தைப் பத்தி இருந்துச்சு. எழுதுனவங்க ஒருத்தருக்கொருத்தர் பழக்கமே இல்ல, ஒருத்தர் தட்டோன்ல இருந்து அனுப்புனது. மூணுலயும் "1964ல் 35 மற்றும் 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால் தமிழர்கள் ஒரே இரவில் ஓட்டாண்டி ஆனார்கள்"ங்கிற விஷயம் கொஞ்சம் கொஞ்சம் வார்த்தை மாறி இருக்கு. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? மூணு பேர் தனித்தனியா சொல்றாங்க, அப்ப உண்மையாத்தான் இருக்கணும்னு.

எங்க லைன்ல ஒரு அப்பத்தா இருக்காங்க, 1964ல அவங்க பள்ளிக்கூடப் பிள்ளை. அவங்களுக்குப் படிச்சுக் காட்டுனேன். "முப்பத்தஞ்சு ரூபா நோட்டா? அது எம் மூணாவது பய பொறந்தப்ப வந்த நோட்டுல்ல, அதுக்கு முன்னாடி எங்கடி இருந்துச்சு அப்படி ஒரு நோட்டு"ன்னு சிரிச்சாங்க. கியாட்டை இன்னும் ரூபான்னுதான் சொல்வாங்க. "எங்க அப்பாரு நூறு ரூபா நோட்டை வேட்டித் துணில சுத்தி வச்சிருந்தாரு, அதைத்தான் செல்லாதுன்னுட்டான், வரிசைல போய் நின்னாரு."

அவங்க சொன்னதுதான் சரி. 1964 மே மாசம் செல்லாமப் போனது 50ம் 100ம். 75 கியாட் நோட்டு வந்ததே 1985 கடைசில, 35 அதுக்கு அடுத்த வருஷம். 1987 செப்டம்பர்ல 25, 35, 75 மூணையும் ஒண்ணா செல்லாதுன்னு சொன்னாங்க. இருபத்து மூணு வருஷம் தள்ளி நடந்த ரெண்டு சம்பவத்தை எவரோ ஒருத்தர் எங்கயோ ஒரு தடவை கலந்து எழுதிட்டாரு. அந்த ஒருத்தர் எழுதுனதை எடுத்தவங்க, அவங்ககிட்ட இருந்து எடுத்தவங்கன்னு போய், எங்க மலருக்கு மூணு சாட்சியா வந்து நிக்குது. உண்மைல அது ஒரே ஆளோட ஒரே தப்பு.

நான் காப்பியைப் பிடிக்கிறதுக்கு இவ்வளவு மெனக்கெடுறது இதுக்குத்தான். யாரோ ஒருத்தர் உழைப்பை இன்னொருத்தர் பேர்ல போடுறது தப்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா எங்களை மாதிரி எழுத்து குறைஞ்ச சமூகத்துக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் இதுல இருக்கு. 1960கள்ல தமிழ்ப் பள்ளிக்கூடம், தமிழ்ப் பத்திரிகை எல்லாம் நின்னு போச்சு, கப்பல்ல போனவங்க எழுதுனது அந்தப் பக்கம், இங்க தங்குனவங்க பெரும்பாலும் எழுதல. இருக்கிறதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துல ஒண்ணை நாலு பேரு பேரு சொல்லாம எடுத்தா, நாலு பேரு சொன்ன மாதிரி ஆயிடுது, அதுக்கு எதிரா ஒரு அப்பத்தா வாய்ல சொல்றது எடுபடுமா? "நெட்ல எல்லாம் இப்படித்தான் பாட்டி போட்டிருக்கு"ன்னு பேரனே சொல்வான். பேரு போட்டு எடுத்திருந்தா, மூணும் ஒரே கிணத்துத் தண்ணின்னு படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

தப்பை வச்சு வழியைப் பிடிக்கிற இந்த முறை ஒண்ணும் புதுசு இல்ல. ஏட்டுச்சுவடி காலத்துல ஒரு சுவடியைப் பாத்து இன்னொண்ணு எழுதும்போது எழுதுறவர் ஒரு எழுத்தை விட்டுட்டா, அதுல இருந்து பேத்து எழுதுன அத்தனை சுவடிலயும் அந்த ஓட்டை இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வந்தப்பவும், 1894ல புறநானூறு கொண்டு வந்தப்பவும், ஊர் ஊரா அலைஞ்சு சுவடி சேத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாடபேதம், அதாவது சுவடிக்குச் சுவடி வார்த்தை எங்க மாறுதுன்னு, பாத்தாரே, அந்த வேலைதான். பத்து சுவடில ஒரே பாடம் இருந்தா அது பத்து ஆதாரம்னு எடுத்துக்க முடியாது, பத்தும் ஒரே தாய்ச் சுவடியோட பிள்ளையா இருக்கலாம். சரியான வரி ரெண்டு பேருக்கு ஒத்துப் போறதுல ஆச்சரியம் இல்ல, உண்மை ஒண்ணுதானே. தப்பு ஒத்துப் போனாத்தான் சந்தேகப்படணும், ஒரே தப்பை ரெண்டு பேரு தனித்தனியா பண்றது அபூர்வம். ஆகையால இப்பல்லாம் கட்டுரை வந்தா நல்ல வரியை விட்டுட்டு தப்பான வரியைத்தான் நான் மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுறேன். ரொம்ப சீக்கிரம் மாட்டும். 1937ல பர்மா சுதந்திரம் அடைஞ்சதுன்னு இருக்கா, அதைப் போடுங்க. (1937 ஏப்ரல்ல இந்தியாகிட்ட இருந்து நிர்வாகம் பிரிஞ்சது, சுதந்திரம் 1948 ஜனவரி 4.) 1964ல ஜனங்க காட்டு வழியா நடந்தே இந்தியா போனாங்கன்னு இருக்கா, அதைப் போடுங்க. நடந்தது 1942ல, ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு. ரெண்டு துயரத்தையும் ஒண்ணாக் கட்டி எழுதுற கட்டுரைங்களை வரிசையா அடுக்குனா ஒரு குடும்ப மரமே போட்டுடலாம்.

யாரு முதல்ல எழுதுனதுன்னு பாக்குறது இன்னொரு தலைவலி. பக்கத்துல போட்டிருக்குற தேதியை நம்பக் கூடாது, அதை யாரும் எப்ப வேணா மாத்தலாம். 2001ல இருந்து பொதுவுல இருக்குற வேபேக் மெஷின்ல அந்த முகவரியைப் போட்டா பழைய நகல் என்னைக்கு எடுத்ததுன்னு காட்டும், எல்லாப் பக்கமும் இருக்காது, இருந்தா கெட்டியான ஆதாரம். விக்கிப்பீடியாவா இருந்தா இன்னும் சுலபம், "வரலாறு"ங்கிற இடத்தை அழுத்துனா எந்த வரியை என்னைக்கு யாரு சேத்தாங்கன்னு வந்துடும். பல சமயம் பாத்தா எல்லாரும் விக்கில இருந்து எடுத்திருப்பாங்க, விக்கில அந்த வரிக்கு ஆதாரமா குடுத்திருக்குற பக்கமே விக்கியைப் பாத்து எழுதுனதா இருக்கும். வாலைத் தானே கடிச்சுக்கிட்டு நிக்கும். விக்கில இருந்து எடுக்குறது தப்பே இல்ல, எங்க இருந்து எடுத்தோம்னு போட்டு, அதே உரிமத்துல விடணும், அவ்வளவுதான். அந்த ஒரு வரி போட ஏன் இவ்வளவு கூச்சம்னு எனக்கு இன்னும் புரியல.

சட்டம் பேசுறவங்களும் வருவாங்க. "வரலாறு எல்லாருக்கும் பொதுதானேக்கா, இதுல என்ன காப்பிரைட்"னு. பாதி சரி. நடந்த சம்பவமும் தேதியும் யாருக்கும் சொந்தம் இல்ல, அதைச் சொன்ன வாக்கியம் சொன்னவருக்குச் சொந்தம். இந்த நாட்டுல ரொம்ப காலம் 1914ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம்தான் ஓடிச்சு, 2019ல புதுசு போட்டாங்க, அது நடைமுறைக்கு வந்தது 2023 அக்டோபர் கடைசில. கோவில் மலருக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போறதில்ல, விடுங்க.

இப்ப புதுசா ஏஐ வந்திருக்கு. எழுதிக் குடுன்னு சொன்னா வழவழன்னு எழுதிக் குடுக்குது, எந்தப் பக்கத்தோடயும் ஒட்டாது, பச்சை வட்டம் ஜம்முனு சுத்தும். ஏஐ எழுதுனதைக் கண்டுபிடிக்கிற டூலும் இருக்குன்னு தம்பி சொன்னாரு. எனக்கு அதுல துளிகூட நம்பிக்கை இல்ல, சாட்ஜிபிடி பண்ண ஓப்பன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரில அப்படி ஒண்ணை விட்டுட்டு, சரியாக் கணிக்க மாட்டேங்குதுன்னு அதே வருஷம் ஜூலைல எடுத்துட்டாங்க. பர்மியத்துல யோசிச்சு தமிழ்ல எழுதுற எங்க பிள்ளைங்க வாக்கியம் கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும், அதைப் பாத்து மெஷின் எழுதுனதுன்னு ஒரு டூல் சொல்லி, நாங்க அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டா அது அடுத்த வருஷம் வகுப்புப் பக்கமே வராது.

அதனால நான் இப்பப் பண்றது ஒண்ணுதான், கூப்பிட்டு உக்கார வச்சுக் கேக்குறது. அந்த "அங்கு" பையனையும் அப்படித்தான் கேட்டேன்.

"தம்பி, இது யாரு சொன்னது உனக்கு?"

"நெட்ல இருந்துச்சுக்கா."

"நெட்ல யாரு?"

"தெரியலக்கா."

"உங்க வீட்டுல யாராச்சும் கப்பல்ல போனாங்களா?"

"தாத்தாவோட அண்ணன் போனாராம். தாத்தாவை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாராம், மாட்டைப் பாத்துக்க ஆள் வேணும்னு."

"மாடா?"

"ஆமாக்கா, பால் மாடு. வித்தா அந்த நேரம் காசு வராதுன்னு, ஒரு வருஷத்துல திரும்பி வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனாராம். வரவே இல்ல. தாத்தாவுக்கு இன்னும் கோவம்."

இதை எழுதுடான்னேன். "இதெல்லாம் எழுதலாமா, இது வரலாறு இல்லையே"ங்குறான். பிழையும் பேச்சுவழக்குமா ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டாந்தான், நான் ஒற்று மட்டும் போட்டேன். அந்த மலர்ல சனங்க படிச்சுட்டு வந்து பேசுனது அந்த ஒண்ணைப் பத்தித்தான், டூல்ல போட்டுப் பாக்க எனக்குத் தோணவே இல்ல.

இப்ப மலர்ல ஒரு பழக்கம் கொண்டு வந்திருக்கோம், ஒவ்வொரு கட்டுரை அடியிலயும் "யாரு சொன்னது"ன்னு ஒரு வரி. புக்குன்னா புக்கு பேரு, நெட்னா பக்கத்தோட பேரும் பாத்த தேதியும், வீட்டுப் பெரியவங்கன்னா என்ன உறவு, எந்த ஊரு. கமிட்டில ஒருத்தர் இடம் வீணாகுது, அந்த இடத்துல இன்னும் ரெண்டு சின்ன விளம்பரம் போடலாம்னாரு. அவர் சொல்றதுலயும் கணக்கு இருக்கு, அச்சுக்கூலி ஏறிக்கிட்டே போகுது. ஆனாலும் வரி நிக்குது.

இன்னும் முடியாத ஒண்ணு எங்க கோவில் வருஷமே. கோவில் கட்டுனது எப்பன்னு பழைய மலருங்கள்ல மூணு விதமா இருக்கு, மூணும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதுனதுதான், நடுவுல யாரோ இலக்கத்தை மாத்தி அடிச்சிருக்காங்க. கல்வெட்டு ஒண்ணு இருந்துச்சாம், திருப்பணி பண்றப்ப மேல டைல்ஸ் ஒட்டிட்டாங்க. அதனால உங்க வீட்டுப் பெட்டில எங்க கோவில் ரசீது, பழைய மலர், கோவில்ல நடந்த கல்யாணப் பத்திரிகை எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்க. முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கத்தையும் சேத்து எடுங்க, அச்சகத்தோட பேரும் வருஷமும் பெரும்பாலும் அங்கதான் சின்ன எழுத்துல இருக்கும்.